எண்பத்திரண்டை அட்டையிலிருந்து நீக்குங்கள்: ஒரு பள்ளி நிர்வாகக் குழுவுக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகக் குழு உறுப்பினர்களுக்கும் தலைமையாசிரியர் அவர்களுக்கும்,

ஜூலை மாதத் தொடக்கத்தில் உங்கள் பள்ளியின் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் அனைவருக்கும் நாற்பது நிமிட நுண்ணறிவுச் சோதனை ஒன்று வைக்கப்பட்டது. அதன் முடிவு ஒற்றை எண்ணாக, மதிப்பெண் அட்டையின் முதல் பக்கத்திலேயே அச்சிடப்பட்டு வீட்டுக்கு வந்தது. 90-ம் அதற்கு மேலும் பெற்றவர்கள் இப்போதுள்ள பிரிவிலேயே தொடர்வார்கள் என்றும், 80 முதல் 89 வரை பெற்றவர்கள் பாடம் குறைக்கப்பட்ட தனிப் பிரிவுக்கு மாற்றப்படுவார்கள் என்றும், 80-க்குக் கீழே பெற்றவர்களின் பெற்றோர் தங்கள் பிள்ளைக்குப் பொருத்தமான வேறு பள்ளியைத் தேடிக்கொள்ளலாம் என்றும் உங்கள் சுற்றறிக்கை சொல்கிறது. என் தங்கையின் பேரனுக்கு 82 என்று வந்திருக்கிறது. அவனுக்கு வயது ஏழு.

நான் மும்பையில் ஓர் அரசு மருத்துவமனையின் குழந்தைகள் மனநலப் பிரிவில் 26 ஆண்டுகள் இத்தகைய சோதனைகளை நடத்தி, அறிக்கை எழுதி, ஓய்வு பெற்றவள். இரண்டு முறை உங்கள் அலுவலகத்துக்கு வந்து, எந்தச் சோதனை, எந்த ஆண்டில் யாரை வைத்துத் தரப்படுத்தப்பட்டது, அதன் நம்பகக் கெழு (முடிவு எவ்வளவு நிலையாக வரும் என்பதைக் காட்டும் எண்) எவ்வளவு என்று கேட்டேன். அவையெல்லாம் சோதனையை விற்ற நிறுவனத்தின் ரகசியம் என்று பதில் வந்தது. வினாக்கள் ரகசியமாக இருக்க வேண்டியவைதான், அதை நானே வலியுறுத்துவேன். ஆனால் ஒரு சோதனையின் நம்பகத்தன்மையும் அது தரப்படுத்தப்பட்ட விதமும் அதன் கையேட்டில் வெளிப்படையாக அச்சிடப்பட்டிருக்க வேண்டியவை. அவற்றைச் சொல்ல முடியாத சோதனையை ஒரு குழந்தையின் மேல் பயன்படுத்தவே கூடாது. நேரில் பதில் கிடைக்காததால் இதைப் பொதுவில் எழுதுகிறேன்.

அட்டை வந்த அன்று மாலை தாராவியில் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். அவன் அம்மா மறுநாள் காலை வியாபாரத்துக்கு இட்லி மாவு அரைத்துக்கொண்டிருந்தாள். பையன் சுவரோரமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். என்னைக் கண்டால் ஓடி வந்து பையைத் துழாவுகிறவன், அன்றைக்கு எழுந்திருக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து தலையைத் தடவிய பிறகு கேட்டான்: "பெரியாச்சி, எனக்கு மூள எம்பத்திரெண்டுதான் இருக்காம். நூறு இருக்கணுமாம்லா?" மண்ணெண்ணெய் கேனில் எண்ணெய் குறைந்திருப்பதைச் சொல்வதுபோலச் சொன்னான். மீதிப் பதினெட்டை எங்கே வாங்குவது என்றும் அவன் கேட்டிருப்பான். அதற்குள் அவன் அம்மா அரவையை நிறுத்திவிட்டு முகத்தைத் துடைக்க ஆரம்பித்ததால் பேச்சை நிறுத்திக்கொண்டான்.

அந்த எண் எப்படி உருவானது என்பதைத்தான் உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

முதலில் வயது. அவன் அம்மா கேட்டு வாங்கிய விடைத்தாள் நகலின் மேற்பகுதியில் வயது 8 என்று எழுதியிருக்கிறது. சோதனை நாளன்று அவனுக்கு ஏழு ஆண்டும் நான்கு மாதமும்தான் நிறைந்திருந்தன. எட்டு எங்கிருந்து வந்தது என்று விசாரித்தேன். ஆசிரியை வயதைக் கேட்டிருக்கிறார். அம்மா நம் ஊர் வழக்கப்படி "எட்டு நடக்குது" என்று சொல்லியிருக்கிறாள். ஆசிரியை அதை அப்படியே எட்டு என்று எழுதிவிட்டார். தமிழில் எட்டு நடக்கிறது என்றால் ஏழு முடிந்துவிட்டது என்று பொருள். ஆகவே ஏழே கால் வயதைத் தாண்டிய பிள்ளையின் விடைகள் எட்டு வயதுப் பிள்ளைகளின் அட்டவணையோடு ஒப்பிடப்பட்டிருக்கின்றன. இவ்வகைச் சோதனையில் ஒரு பிள்ளை எத்தனை வினாக்களுக்குச் சரியாக விடையளித்தது என்பதற்குத் தனியாகப் பொருளில்லை. அதே வயதுப் பிள்ளைகளின் கூட்டத்தில் அந்த எண்ணிக்கை எந்த இடத்தில் நிற்கிறது என்பதே மதிப்பெண்ணாக மாறுகிறது. அதனால்தான் பிறப்புச் சான்றிதழைப் பார்த்து ஆண்டு, மாதம், நாள் மூன்றையும் கழித்துக் கணக்கிட்டு, மேல்நோக்கி முழுமையாக்காமல் எழுத வேண்டும் என்று எங்களுக்கு முதல் நாளிலேயே கற்றுத் தந்தார்கள். ஏழு வயதில் எட்டு மாத வளர்ச்சி என்பது சிறிய வித்தியாசமன்று. இந்த ஒரு பிழைக்காகவே 82 என்ற எண் செல்லாது. வேறு எத்தனை பிள்ளைகளின் தாள்களில் இதே பிழை இருக்கிறது என்பதை நீங்கள்தான் எடுத்துப் பார்க்க வேண்டும்.

அடுத்து, சோதனை நடத்தப்பட்ட முறை. மாட்டுங்கா ஸ்டேஷனுக்கு வெளியே பூ வாங்குகிற எவருக்கும் தெரியும்: ஒவ்வொரு பூக்காரம்மாவின் கையும் ஒவ்வொரு நீளம். ஒரே அம்மாவிடம் தினமும் வாங்கினால் தினமும் அதே அளவு கிடைக்கும். ஆனால் இருவரிடம் வாங்கிய முழங்களை ஒன்றாக வைத்து, யார் அதிகம் கொடுத்தார் என்று எண்ணிக்கையால் தீர்மானிக்க முடியாது. உளவியல் சோதனையில் தரப்படுத்துதல் என்று சொல்வது இந்த முழத்தை ஒன்றாக்குகிற வேலையே. அதே சொற்கள், அதே வரிசை, அதே நேரம், அதே அளவு உதவி. உங்கள் பள்ளியில் ஒரு பிரிவின் ஆசிரியை குறிப்புகளை ஆங்கிலத்தில் ஒருமுறை வாசித்துவிட்டுக் கடிகாரத்தை ஓடவிட்டார் என்றும், அடுத்த பிரிவின் ஆசிரியை இந்தியில் விளக்கி, கரும்பலகையில் ஒரு மாதிரி வினாவையும் போட்டுக் காட்டினார் என்றும் பெற்றோர் பலர் சொல்கிறார்கள். இரண்டாமவர் செய்ததுதான் ஒரு நல்ல ஆசிரியை இயல்பாகச் செய்கிற காரியம். அவரையோ மற்றவரையோ நான் குறை சொல்லவில்லை. இரண்டு மணிநேரப் பயிற்சி கொடுத்து, நாற்பது பிள்ளைகள் முன் அவர்களை நிறுத்தியது நிர்வாகத்தின் முடிவு. ஆனால் இரண்டு பிரிவுகளின் எண்களையும் ஒரே பட்டியலில் அடுக்கி 90-ல் கோடு கிழிப்பதற்கு எந்த அடிப்படையும் இல்லை.

மொழியைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இந்தப் பையன் திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து மும்பைக்கு வந்து எட்டு மாதம்தான் ஆகிறது. அங்கே தமிழ் வழியில் ஒன்றாம் வகுப்பில் இருந்தவன். சோதனையின் வினாவை வெளியிடுவது எங்கள் தொழில் நெறிக்கு மாறானது. ஆகவே பொருள்களை மாற்றி, அதே அமைப்புள்ள வேறொரு வினாவைச் சொல்கிறேன். நான்கு படங்கள்: ஆப்பிள், வாழைப்பழம், பச்சை நிற மாங்காய், கத்தரிக்காய். ஒவ்வொன்றின் கீழும் ஆங்கிலப் பெயர். சேராத ஒன்றை அடிக்க வேண்டும். விடைக் குறிப்பின்படி கத்தரிக்காய் சேராதது, மற்ற மூன்றும் பழம். அவன் அந்த இடத்தை வெறுமையாக விட்டிருந்தான். ஏன் என்று கேட்டேன். "ரெண்டு காய், ரெண்டு பழம். எத அடிக்க?" என்றான். ஆங்கிலத்தில் காயாக இருந்தாலும் பழுத்தாலும் அதற்கு மேங்கோ என்று ஒரே பெயர். தமிழில் மாங்காய் வேறு, மாம்பழம் வேறு. இரண்டு வயதுப் பிள்ளைகூட அதை மாற்றிச் சொல்லாது. வகைப்படுத்தும் திறனைச் சோதிக்க வைத்த வினாவில், தன் மொழியின் வகைப்பாட்டைப் பிசகாமல் கடைப்பிடித்து, விடை ஒன்றுக்கு மேல் வருகிறது என்று கண்டு நிறுத்திக்கொண்ட பிள்ளைக்குப் பூஜ்யம் போடப்பட்டிருக்கிறது. அந்தப் பூஜ்யத்துக்கும் ஒன்றும் புரியாமல் விட்ட பிள்ளையின் பூஜ்யத்துக்கும் விடைத்தாளில் எந்த வேறுபாடும் தெரியாது. எதிரே உட்கார்ந்து கேட்கிற ஒருவர் இருந்தால்தான் தெரியும்.

இது புதிதாக நான் கண்டுபிடித்த குறையன்று. இதே பம்பாய் மாகாணத்தில், 1930களிலேயே, தார்வாரில் வி. வி. காமத் அவர்கள், பிரான்சில் உருவான பினே நுண்ணறிவு அளவையை இந்தியப் பிள்ளைகளுக்காக மாற்றியமைத்தபோது, ஆங்கிலத்தில் இருந்ததை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் கன்னடம் பேசும் பிள்ளைகளுக்கும் மராத்தி பேசும் பிள்ளைகளுக்கும் ஏற்ப அமைத்தார். அமெரிக்காவின் கலிபோர்னியாவில், ஸ்பானிய மொழி பேசும் பிள்ளைகளை ஆங்கிலத்தில் சோதித்து, மனவளர்ச்சி குன்றியோர் வகுப்பில் போட்டதை எதிர்த்துப் பெற்றோர் நீதிமன்றம் போனார்கள். தாய்மொழியில் சோதிக்க வேண்டும் என்ற உடன்பாட்டோடு அந்த வழக்கு 1970-ல் முடிந்தது. அரை நூற்றாண்டுக்கு முன் முடிந்துபோன வாதத்தைத் தாராவியிலிருந்து மறுபடியும் தொடங்க வேண்டியிருப்பது எனக்கு வேதனையாக இருக்கிறது.

இனி அந்த எண்ணையே பார்ப்போம். வயதும் சரி, மொழியும் சரி, நடத்திய முறையும் சரி என்று வைத்துக்கொண்டாலும் 82 என்பது 82 அன்று. 1904-ல் ஆங்கிலேய உளவியலாளர் சார்லஸ் ஸ்பியர்மன் தொடங்கிவைத்த கணக்கின்படி, நாம் காணும் மதிப்பெண் என்பது பிள்ளையின் மெய்யான நிலையும் அன்றைய பிழையும் சேர்ந்த கூட்டுத்தொகை. தூக்கம், பசி, பயம், ஊகம், பக்கத்துப் பையனின் இருமல், எல்லாம் அந்தப் பிழைக்குள் அடங்கும். பிழை எவ்வளவு என்பதைச் சோதனையின் நம்பகக் கெழுவிலிருந்து கணக்கிடலாம். உங்களுடைய சோதனையின் கெழு எனக்குத் தரப்படவில்லை, தாராளமாக 0.91 என்று வைத்துக்கொள்கிறேன், நாற்பது நிமிடக் குழுச் சோதனைக்கு அது நல்ல மதிப்பு. ஒன்றிலிருந்து 0.91-ஐக் கழித்தால் 0.09, அதன் வர்க்கமூலம் 0.3, இவ்வகை அளவைகளின் திட்ட விலக்கமான (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்பதன் அளவான) 15-ஆல் பெருக்கினால் 4.5. இதுவே அளவீட்டின் திட்டப் பிழை. நூற்றுக்கு 95 என்ற உறுதியோடு பேச வேண்டுமானால் இதை ஏறத்தாழ இரண்டு மடங்காக்கி இருபுறமும் விட வேண்டும். அப்படியானால் நேர்மையாக எழுதப்படும் முடிவு, 73-க்கும் 91-க்கும் இடையே எங்கோ என்பதாகும். உங்கள் சுற்றறிக்கையை மறுபடியும் பாருங்கள். 73 என்றால் பள்ளியை விட்டுப் போக வேண்டியவன். 82 என்றால் தனிப் பிரிவு. 91 என்றால் இருந்த இடத்திலேயே இருக்கலாம். ஒரே பிள்ளையின் ஒரே சோதனை முடிவு உங்கள் மூன்று கதவுகளையும் தொட்டுக்கொண்டு நிற்கிறது. கெழு 0.84 ஆக இருந்தால் அந்த இடைவெளி 70 முதல் 94 வரை விரியும்.

90 என்ற கோட்டைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 1939-ல் அமெரிக்க உளவியலாளர் டேவிட் வெக்ஸ்லர் வெளியிட்ட நுண்ணறிவு அளவையிலிருந்து, சராசரி 100 ஆகவும் திட்ட விலக்கம் 15 ஆகவும் வரும்படி மதிப்பெண்களை அமைப்பது வழக்கமாயிற்று. அமைப்பே அப்படியென்பதால், எந்த மக்கள் கூட்டத்தை வைத்துத் தரப்படுத்தினாலும் நூற்றில் ஏறத்தாழ 25 பேர் 90-க்குக் கீழே வந்தே தீர்வார்கள். அவர்கள் எவரும் எந்தக் குறையும் உள்ளவர்கள் என்று அதற்குப் பொருளில்லை. வகுப்பில் கால்வாசிப் பிள்ளைகள் மெதுவாகக் கற்பவர்கள் என்று சோதனை கண்டுபிடித்துவிட்டதாகப் பெற்றோர் கூட்டத்தில் சொல்லப்பட்டது. அது சோதனை கண்டுபிடித்ததன்று. அளவைக்குள்ளேயே வைத்துத் தைத்தது.

எல்லாவற்றுக்கும் மேலான கேள்வி, எதற்காக அளந்தீர்கள் என்பதே. ஒரு சோதனை ஏற்புடையதா இல்லையா என்று பொதுவாகச் சொல்ல முடியாது. இந்தப் பிள்ளைகளிடம், இந்தப் பயனுக்கு ஏற்புடையதா என்றுதான் கேட்க முடியும். எட்டு மாதத்தில் அவன் எவ்வளவு ஆங்கிலம் பழகினான் என்பதை உங்கள் சோதனை ஓரளவு சரியாகவே அளந்திருக்கலாம். அதற்கு நுண்ணறிவு என்று பெயர் சூட்டி, அதைக்கொண்டு அவன் இனி என்ன படிக்க வேண்டும் என்று முடிவு செய்வதற்கு அந்தச் சோதனையில் சான்றில்லை. 1905-ல் பாரிசில் ஆல்ஃபிரட் பினேயும் தியோடர் சிமோனும் முப்பது செயல்கள் கொண்ட முதல் அளவையை உருவாக்கியது, வகுப்பில் பின்தங்கும் பிள்ளைகளில் யாருக்குக் கூடுதல் உதவி வேண்டும் என்று கண்டறிவதற்காக. அறிவு என்பது கூட்டவே முடியாத ஒரு நிலையான அளவு என்று பேசியவர்களைப் பினே தாம் இறப்பதற்கு இரண்டாண்டு முன்பு கடுமையாக மறுத்து எழுதினார். உதவி யாருக்கு என்று கேட்கப் பிறந்த கருவியை, யாரை அனுப்பலாம் என்று கேட்க நீங்கள் பயன்படுத்தியிருக்கிறீர்கள். பாடத்தைக் குறைத்த பிரிவில் ஓராண்டு உட்காரும் பிள்ளை, அடுத்த ஆண்டு அதே சோதனையில் இன்னும் கீழேதான் போகும். அப்போது பார்த்தீர்களா, சோதனை சரியாகத்தான் சொன்னது என்று உங்களில் யாரேனும் சொல்லவும் கூடும்.

இதையெல்லாம் நான் பிழையே செய்யாதவளாக நின்று சொல்லவில்லை. வேலையில் சேர்ந்த மூன்றாம் ஆண்டு, ஆறு வயதுப் பெண் குழந்தை ஒன்றைச் சோதித்தேன். கேட்டதற்கு விடை வரவில்லை, அல்லது சம்பந்தமில்லாத விடை வந்தது. அன்றைக்குப் புறநோயாளிகள் கூட்டம் அதிகம். குறைந்த எண் ஒன்றை எழுதி, சிறப்புப் பள்ளிக்குப் பரிந்துரைத்துவிட்டேன். ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு கழித்து அதே தாய் சளிக்கு வைத்தியம் பார்க்க வந்தபோது, காது மூக்கு தொண்டைப் பிரிவில் பார்த்து, இரண்டு காதிலும் நீர் கோத்துக் கேட்கும் திறன் மங்கியிருக்கிறது என்று சொன்னார்கள். நான் கேட்ட வினாக்களில் பாதி அந்தக் குழந்தையின் காதில் விழுந்திருக்கவே இல்லை. சிகிச்சைக்குப் பிறகு அவள் சாதாரணப் பள்ளிக்குத் திரும்பினாள். ஆனால் அந்த ஒன்றரை ஆண்டை நான் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. அதன் பிறகு, காதும் கண்ணும் பரிசோதிக்காமல், வீட்டில் என்ன மொழி என்று கேட்காமல், வீட்டில் பிள்ளை தானாக என்னென்ன செய்துகொள்கிறது என்று தாயிடம் உட்கார்ந்து பேசாமல், நான் ஒரு எண்ணும் எழுதியதில்லை. ஒரு பிள்ளைக்கு இரண்டு நாள், சிலருக்கு மூன்று நாள் ஆகும். உங்கள் பள்ளியில் நாற்பது நிமிடத்தில் நாற்பது பிள்ளைகள்.

மறுசோதனை செய்தால் எங்கள் பையனுக்கு என்ன எண் வரும் என்று எனக்குத் தெரியாது. உறவுக்காரப் பிள்ளையைச் சோதிப்பது முறையன்று என்பதால் நான் அவனைச் சோதிக்கவும் இல்லை. 110 வரும், ஆகவே அவனைத் திரும்பச் சேருங்கள் என்பது என் வாதமன்று. முறையாகச் சோதித்து 70 என்றே வந்தாலும், அந்தப் பிள்ளைக்கு உங்கள் வகுப்பறையில் இடமும் கூடுதல் கவனமும் உரியவை. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு, தொடக்கக் கல்வி முடியும்வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியிலிருந்து வெளியேற்றக் கூடாது என்கிறது. 17-ஆம் பிரிவு மனத்துன்புறுத்தலைத் தடை செய்கிறது. வேறு பள்ளியைத் தேடிக்கொள்ளலாம் என்ற உங்கள் மென்மையான வாசகத்தைப் படித்துவிட்டு, மூன்று தாய்மார் மாற்றுச் சான்றிதழ் விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருக்கிறார்கள். சட்டம் தெரியாததால் அவர்கள் அதைக் கட்டளை என்றே எடுத்துக்கொண்டார்கள்.

ஆகவே நான் கேட்பது இவை. பிரிவு மாற்றமும் பள்ளி மாற்றமும் பற்றிய அந்தச் சுற்றறிக்கையை இம்மாத இறுதிக்குள் எழுத்து மூலம் திரும்பப் பெறுங்கள். மாற்றுச் சான்றிதழ் கேட்டவர்களிடம், பிள்ளையை எடுக்க வேண்டியதில்லை என்று பள்ளியே, அவர்களுக்குப் புரியும் மொழியில் நேரில் சொல்லட்டும். எல்லாப் பிள்ளைகளின் அட்டையிலிருந்தும் அந்த எண்ணை நீக்கி, புதிய அட்டை கொடுங்கள். 120 பெற்ற பிள்ளையின் அட்டையிலிருந்தும்தான், ஏனென்றால் அதுவும் இதே முழத்தால் அளந்தது. சோதனையின் பெயர், தரப்படுத்திய ஆண்டு, நம்பகக் கெழு, எந்தப் பிள்ளைகளை வைத்துத் தரப்படுத்தப்பட்டது என்ற விவரங்களைப் பெற்றோருக்குக் கொடுங்கள். விற்ற நிறுவனம் தர மறுத்தால் அதையும் சொல்லுங்கள்.

உண்மையாகவே எந்தப் பிள்ளை திணறுகிறது என்று அறிய விரும்பினால், முதலில் வகுப்பாசிரியைகளைக் கேளுங்கள், அவர்களுக்குத் தெரியும். அவர்கள் சுட்டும் பிள்ளைகளுக்குக் காது, கண் பரிசோதனை நடக்கட்டும். அதற்குப் பிறகும் தேவைப்பட்டால், பெற்றோரின் ஒப்புதலோடு, இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு செய்த உளவியலாளர் ஒருவர், பிள்ளையின் தாய்மொழியில், தனியாக, அவசரமில்லாமல் மதிப்பிடட்டும். அந்த அறிக்கை, எண்ணை மட்டும் சொல்லாமல், வகுப்பில் நாளைக்கு என்ன செய்ய வேண்டும் என்று சொல்வதாக இருக்கட்டும். தமிழ் பேசும் பிள்ளைகளுக்கு ஆசிரியைகள் சொல்வதை மொழிபெயர்க்கவும், இத்தகைய மதிப்பீட்டுக்கு முன் தாய்மாரிடம் பேசவும் வாரம் இரண்டு நாள் நான் ஊதியமின்றி வரத் தயாராக இருக்கிறேன்.

கடைசியாக, வகுப்பில் அந்த எண்களைப் பிள்ளைகள் முன் உரக்க வாசித்ததற்காக, அதே வகுப்பில், அதே பிள்ளைகள் முன், அந்த எண்ணுக்கும் அவர்கள் மூளைக்கும் சம்பந்தமில்லை என்று தலைமையாசிரியர் அவர்கள் சொல்ல வேண்டும். நான் சொல்லிப் பார்த்துவிட்டேன். பள்ளிக்கூடத்தில் சொன்னால்தான் நம்புவேன் என்கிறான்.

இப்படிக்கு,
மாட்டுங்காவிலிருந்து, ஓய்வுபெற்ற உளவியலாளர்;
உங்கள் இரண்டாம் வகுப்பு மாணவன் ஒருவனின் பெரியாச்சி